அம்பாசிடரும் உப்புத் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா ஓட்டிய 1972 மார்க் 2 அம்பாசிடர் ஆறு வருடமாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. கடைசியாகச் சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்று இடத்தில் கொதித்து நின்றது. உள்ளூர் மெக்கானிக், “என்ஜின் போச்சு, மேடடார் டீசலோ இசுசுவோ தூக்கி வெச்சிடு” என்கிறார். தம்பியும் நானும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைக்கிறோம். செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கிறது. எந்த என்ஜின் நல்லது? ஏ.சி., பவர் ஸ்டியரிங் வைக்கலாமா? பெயிண்ட் பழைய நீலமே அடிக்கலாமா, வெள்ளையா? அப்பா போன பிறகு அம்மா கொட்டகைப் பக்கமே போவதில்லை. வண்டி ஓடினால் முதலில் அவரைத்தான் உட்கார வைக்கவேண்டும்.

கே.,
காரிமங்கலம்

அன்புள்ள கே.,

கடைசி வரிக்காக உடனே எழுதுகிறேன். வேறொரு காரணமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய கார்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு ‘கொதிக்குது’ என்பதில் வந்து முடிகிறது. அதற்கடுத்த வாக்கியம் ‘என்ஜினை மாத்திடலாம்’. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே செய்யவேண்டிய வேலையை யாரும் செய்வதில்லை என்பது சில காலமாகவே மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஏ.சி. வேண்டாம். பவர் ஸ்டியரிங்கும் வேண்டாம். டயரில் காற்றும் கிங்பின்னில் கிரீஸும் சரியாக இருந்தால் அந்த ஸ்டியரிங் திரும்பும். பெயிண்ட்டை அம்மாவிடம் கேளுங்கள்.

‘என்ஜின் போச்சு’ என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தாரா? என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாரா? ஆயில் பிரஷர் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை. ஆறு வருடம் நின்ற வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொண்டு செயின் பிளாக் வாடகை விசாரித்திருக்கிறீர்கள். மெக்கானிக்கை விட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். அப்பாவின் வண்டி என்கிறீர்கள், அதை ஒரு நாள் அளந்துபார்க்கப் பொறுமை இல்லையா?

அந்த வண்டியில் இருப்பது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்ஜின். சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ., சுழலும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. வேகம் கிடையாது. ஆனால் சூட்டைத் தாங்கும். மூன்று இடத்தில் கொதித்ததால் மட்டும் அது செத்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? நான் கேட்க விரும்புவது அந்த ஒன்றைத்தான். கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் பதில் தெரியும். போர் தண்ணீர்.

நம் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் ஃப்ளோரைடுதான் ஞாபகம் வருகிறது. நியாயம்தான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. ஆனால் காருக்கு எமன் ஃப்ளோரைடு இல்லை, நீரின் கடினத்தன்மை. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. குளியலறை வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாக ஏறுகிறதே, அதேதான் சிலிண்டரைச் சுற்றியுள்ள வாட்டர் ஜாக்கெட்டிலும் ஏறுகிறது. அந்தப் படிவு வார்ப்பிரும்பு கடத்துவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் உப்புக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர், கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் இரும்புக்குப் பின்னால் இருப்பதுபோலச் சூட்டை வெளியே தள்ளமுடியாமல் தவிக்கிறது.

இதில் கொடுமை அடுத்த கட்டம். வண்டி கொதிக்கிறது. ஆவியாகப் போவது சுத்தமான நீர் மட்டும், உப்பு முழுக்க உள்ளேயே தங்குகிறது. நீங்கள் தொப்பூரில் இறங்கி இன்னொரு குடம் ஊற்றுகிறீர்கள். புதிய உப்பு சேர்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கொதிக்கிறது, இன்னொரு குடம். பத்து வருடம் இப்படி ஓட்டினால் ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றின் சுண்ணாம்பும் அந்த பிளாக்குக்குள் சேமிப்பாக இருக்கும். துருவும் சேறும் அதனுடன் கலந்து, தண்ணீர் பம்ப்பிலிருந்து தூரத்தில் இருக்கும் நான்காவது சிலிண்டரைச் சுற்றிக் கெட்டியாக உட்கார்ந்துவிடும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. ‘தண்ணி இல்ல போல’ என்று மூடிவிடுவார்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது, குழாயின் வாய்தான் அடைத்திருக்கிறது.

இந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இசுசுவை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? 1990களில் அம்பாசிடரில் வந்த அந்த 1800 என்ஜினுக்கு அலுமினிய ஹெட். வார்ப்பிரும்பு ஹெட் பொறுத்துக்கொண்ட சூட்டில் அலுமினியம் வளையும், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போகும். நோயை அப்படியே வைத்துக்கொண்டு நோயாளியை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அதுவும் இன்னும் பலவீனமான நோயாளி.

ஆகவே செய்யவேண்டியது இது.

ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள். இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிய 20W-50 ஊற்றி, ஃபில்டரை மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரில் ஓடவிட்டு ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நான்கு சிலிண்டரையும் அளந்து சுவரில் எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒன்று தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட். ஆறு வருடம் நின்ற என்ஜினில் வால்வு சரியாக உட்காராமல் முதல் அளவு பொய் சொல்லலாம். என்ஜின் கொஞ்சம் ஓடிச் சூடானபின் எடுக்கும் அளவையே நம்புங்கள். அப்போதே ஆயில் பிரஷரையும் பாருங்கள்: ஓட்டத்தில் 50, ஐட்லிங்கில் 15 பி.எஸ்.ஐ. பக்கம் இருந்தால் அந்தக் கிராங்கைத் தொடாதீர்கள்.

இனி உப்பு. ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் செய்யக் கொடுங்கள். மேல் டேங்க்கைத் திறந்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு எடுக்கவேண்டும், வெறும் தண்ணீர் அடித்துத் திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது போயிருக்கும்போது பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டைகளை மூடியிருக்கும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே கம்பியால் கிளறி, ஹோஸ் வைத்து எதிர்த்திசையில் அடியுங்கள். நான்காவது சிலிண்டர் பக்கத்தில் கை வலிக்கக் கிளறவேண்டும். புதிய கோர் பிளக் போட்டு, ரேடியேட்டரை மாட்டி, மேல் ஹோஸுக்குள் ஒரு பழைய நைலான் காலுறையைச் செருகுங்கள். பிளாக்கிலிருந்து பெயர்ந்து வருவது இப்போதுதான் சுத்தம் செய்த ரேடியேட்டருக்குள் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் இல்லாமல், லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, சூடான நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்ததும் வடியுங்கள். பழுப்பாக வரும். தெளியும்வரை திரும்பச் செய்து, கடைசியில் லிட்டருக்குப் பத்து கிராம் சமையல் சோடா கரைத்து ஒரு முறை, வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். கழிவறை ஆசிட்டை ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அது உப்போடு சேர்த்து இரும்பையும் பித்தளையையும் தின்னும். யாராவது அந்த பாட்டிலோடு வந்தால் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

கழுவியபின் எங்காவது ஒழுகும். பயப்படவேண்டாம், இத்தனை நாள் உப்புதான் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. பம்ப் சீலையோ ஹோஸையோ மாற்றுங்கள், ஒழுகலை நிறுத்தும் பொடி எதையும் ஊற்றவேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். ‘நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு’ என்று கழற்றி எறிவது ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. அது இல்லாத என்ஜின் சாதாரண ஓட்டத்தில் சூடேறாமலே ஓடி, ஆயிலில் ஈரம் தங்கிச் சேறு கட்டுகிறது. ஏற்றத்தில் கொதிப்பதும் நிற்பதில்லை. 82 டிகிரி போதும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றை அரிக்காத பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் எப்போதும் இருக்கட்டும். வழியில் கொதித்தால் ஆறவிடுங்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விழும்.

கொதிப்புக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்து தீப்பொறி விழும் டைமிங் பின்தங்கினால் கொதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 வையுங்கள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போகலாம், அதற்குமேல் கூடாது. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கரைக்கும், கலவையையும் மெலிதாக்கும். ஹோஸ்களை மாற்றிவிட்டு, பிளக் வெளுத்திருந்தால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டிப்பட்ட சீட் போடச் சொல்லுங்கள். ஈயமில்லா பெட்ரோலுக்கு அது வேண்டும். ஹெட் நட் 40 பவுண்டு-அடி முறுக்கு, நடுவிலிருந்து வெளியே, 500 கி.மீ. கழித்து மறுபடி. தேய்மானம் என்று தெரிந்தால் ஓசூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் அங்கேயே முடியும். பிஸ்டன் கையில் வந்தபிறகு சிலிண்டரைப் போரிங் செய்யச் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். சாமான்களுக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம்தான்.

இத்தனைக்குப் பிறகும் பிளாக் வெடித்திருக்கிறது என்று தெரிந்தால் மாற்றுங்கள். அப்போதும் முதல் சாய்ஸ் இன்னொரு பி-சீரிஸ் என்ஜின். அது பழைய மவுண்டிங்கில், பழைய கியர்பாக்ஸோடு உட்காரும். வேறு என்ஜின் என்றால் கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வரவேண்டும். இல்லாவிட்டால் டீசலின் குறைந்த சுற்றுக்கு இந்த ஆக்ஸில் பல் விகிதம் ஒத்துவராமல் அறுபதிலேயே கத்தும். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள். மேடடார் டீசல் கனம்; முன்பக்க ஸ்பிரிங்கான டார்ஷன் பார் தாழும். கிராஸ் மெம்பரைக் கேஸ் கட்டரால் அறுப்பார்கள், அந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அறுத்தது அறுத்ததுதான். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருப்பது) இருக்கலாம், பார்க்காமல் ஆல்டர்னேட்டர் கொடுத்தால் டயோடு உடனே புகையும். செயின் பிளாக்கை மாமரக் கிளையிலோ கொட்டகைச் சட்டத்திலோ தொங்கவிடாதீர்கள், இரும்பு முக்காலி வேண்டும். வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் வைத்துப் படுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும்.

இன்னொன்றும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி இல்லாமல் வேறு என்ஜின் வைக்கமுடியாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது வருடம் கடந்து, மூல வடிவிலேயே இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். அன்றாடம் ஓட்டமுடியாது என்பதால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம். ஆனால் 1972 வண்டிக்கு அந்தத் தகுதி இன்று இருக்கிறது. டீசல் என்ஜினை வைக்கும் நாளில் அது போய்விடும்.

அம்மாவை ஏற்றுவதற்கு முன் பிரேக். நான்கும் டிரம், ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று அந்தச் சாலையில் போய்வரும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையதைக் கழுவிப் போடும் பேச்சே வேண்டாம். இறக்கத்தில் ஏறிவந்த அதே கியரில் இறங்குங்கள்.

கம்ப்ரஷன் எண்கள் நான்கையும், ஆயில் விட்டு எடுத்தது விடாமல் எடுத்தது இரண்டையும், எனக்கு எழுதுங்கள். பிளாக்கிலிருந்து வந்த உப்பு எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.