நின்ற கார் 70 கி.மீ. வேகத்தில் ஓடுமா?

இரண்டு கேமராப் படங்களை ஒப்பிட்டுப் பொருள்களின் தூரத்தையும் அசைவையும் கணிப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கே: ஆப்டிகல் ஃப்ளோவும் சீன் ஃப்ளோவும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது படத்தில் பிக்சல் நகர்வது, இரண்டாவது வெளியுலகில் புள்ளி நகர்வது. உங்கள் கேமராவைக் குறிபார்த்து வரும் பந்தின் நடுப்புள்ளி படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். சீன் ஃப்ளோவில் அதற்குத்தான் பெரிய எண் வரும்.

கே: கிட்டி டேட்டாவில் (ஓடும் காரிலிருந்து இரட்டைக் கேமராவால் எடுத்த சாலைப் படங்கள்) தூரத்தில் நிற்கும் கார் 70 கி.மீ. வேகத்தில் ஓடுவதாக வருகிறது. புரோகிராம் கோடில் பிழையா?

கோடு பாவம், கணக்கைப் பாருங்கள். அதில் பேஸ்லைன், அதாவது இரண்டு கேமராக்களின் இடைவெளி, 54 செ.மீ., ஃபோக்கல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) பிக்சல் கணக்கில் சுமார் 720. டிஸ்பாரிட்டி என்பது ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் விலகித் தெரியும் அளவு, அதை வைத்துத்தான் ஆழத்தை (கேமராவிலிருந்து உள்ள தூரத்தை) கணிக்கிறோம். 40 மீட்டரில் அது பத்து பிக்சல்கூடத் தேறாது. அரை பிக்சல் பிசகினால் ஆழம் 2 மீட்டர் தள்ளிப்போகும். அடுத்த ஃப்ரேம் 0.1 நொடியில் வருகிறது, ஆகவே நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. உங்கள் 70 வந்துவிட்டதா? இரண்டு ஆழங்களைத் தனித்தனியாகக் கணித்துக் கழிக்காதீர்கள். கார் முழுவதையும் வளையாத ஒரே பொருளாக வைத்துச் சேர்த்துக் கணியுங்கள்.

கே: "ரிசல்ட் சரியில்லை, உதவவும்."

எத்தனை கேமரா, எந்த லென்ஸ், எத்தனை ஃப்ரேம்? எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கே: 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு செல்போன்கள். நிற்பவை சரியாக வருகின்றன, குறுக்கே போகும் பைக் மட்டும் தாறுமாறு. அசைவைக் கணிக்க எந்த நியூரல் நெட்வொர்க் நல்லது?

எந்த நெட்வொர்க்கும் உதவாது. இரண்டு போனும் ஒரே கணத்தில் படம் எடுக்கின்றனவா? மாதம் தவறாமல் இதையே எழுதுகிறேன், மாதம் தவறாமல் இதே கடிதம் வருகிறது! நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், மிக நெருங்கிய ஃப்ரேமைப் பொருத்தினாலும் 16 மில்லிநொடி வரை விலகும். 36 கி.மீ. வேக பைக் அதற்குள் 16 செ.மீ. போய்விடும். உங்கள் பேஸ்லைனே 30 செ.மீ.தான்! 20 மீட்டரில் போகும் பைக், போகும் திசையைப் பொறுத்து 13 மீட்டர் என்றோ 43 மீட்டர் என்றோ வரும். நிற்பவற்றில் இந்தக் கோளாறு தெரியாது, அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். டிரிகர் கம்பி (இரண்டையும் ஒரே கணத்தில் படமெடுக்க வைக்கும் இணைப்பு) உள்ள கேமரா வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டிலும் படும்படி ஒரு எல்.ஈ.டி.யை மின்னவிட்டு, விலகலையாவது அளந்து கணக்கில் சேருங்கள்.

கே: வெறும் வெள்ளை அட்டையை அசைத்தால் நடுவில் ஒன்றும் வரவில்லையே?

எதை எதோடு பொருத்துவது? அட்டையில் செய்தித்தாளை ஒட்டுங்கள்.

கே: செஸ்போர்டு காலிபிரேஷன் (சதுரங்கக் கட்ட அட்டையைப் படமெடுத்துக் கேமராவின் அளவுகளைக் கணிப்பது) ஒருமுறை போதுமா?

கேமராவைத் தொடாதவரை போதும். ஆட்டோஃபோகஸ் ஓடினாலும் தொட்ட மாதிரிதான்.

கே: ஆறு கேமரா வைத்தால் துல்லியம் கூடுமா?

கூடும், ஒன்றன்பின் ஒன்று மறைந்து தெரியாமல் போகும் இடங்களும் குறையும். ஆறும் செல்போன் என்றால் மேலே பைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.