வர வேண்டாம் என்கிறான் மகன், போகலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மகன் இந்த ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு சேர்ந்தான். அடுத்த மாதம் பெற்றோர், குடும்பத்தினருக்கான வார இறுதி என்று மின்னஞ்சல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், எட்டாவது படிக்கும் மகள், நாங்கள் இருவர் என எல்லோரும் கிளம்பத் தயாரானோம். ஞாயிறன்று அவனையும் அழைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போக நினைத்தோம். அவனோ, "வேண்டாம்மா, யாரும் பெருசா வர மாட்டாங்க, நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நானே வந்துடுறேன்" என்கிறான். மதிப்பெண்ணும் சொல்வதில்லை. கணவர், சொல்லாமல் போய் நிற்போம் என்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தோழிக்கு, சொல்லாமல் போய் நிற்பதை மட்டும் செய்யாதீர்கள். மற்றதையெல்லாம் பேசி முடிவெடுக்கலாம்.

யாரும் வர மாட்டார்கள் என்று அவன் சொன்னது சரியில்லை. அந்த வார இறுதியில் பெரும்பாலும் உள்ளூரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருக்கும். அங்கே உள்ள பீவர் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊரே நிரம்பி வழியும். அப்படியென்றால் அவன் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. அது உங்கள் மேல் பாசம் குறைந்ததுதான் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அக்டோபரை ஒட்டி மிட்டெர்ம் தேர்வுகள் வரும். சனி, ஞாயிறு படிக்க வேண்டியிருக்கலாம். அறைத்தோழனோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இவையெல்லாம் சாதாரண விஷயங்கள். நான் அதிகம் யோசிப்பது இன்னொன்றைப் பற்றி. உங்கள் மகன் எடிசனில் வளர்ந்தவன். பள்ளியிலும் தெருவிலும் நம்மூர் முகங்கள். சின்ன வயதுச் சிநேகிதர்கள், அவர்கள் வீட்டுச் சாப்பாடு, யாராவது ஒரு அத்தை, மாமா. அதையெல்லாம் விட்டுவிட்டு, மலைகளுக்கு நடுவில் யாரையும் தெரியாத ஒரு பெரிய வளாகத்துக்குப் போய் சில வாரங்கள்தான் ஆகின்றன. இதற்குள் உயிர் நண்பர்கள் கிடைத்துவிட மாட்டார்கள். நீங்கள் போய் இறங்கியதும் ஆசையாகக் கேட்கப்போவது என்ன? "எங்கேடா உன் ஃப்ரெண்ட்ஸ், கூப்பிடு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகலாம்." கூப்பிட ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும்! அதைத் தவிர்க்க, வராதே என்று சொல்வது அவனுக்குச் சுலபம். இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படியும் இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் குரலே மாறிவிடும்.

அதனால் இன்றைக்கே போன் செய்து, "ஏன் வேண்டாங்கிற?" என்று கேட்காமல், "உனக்கு எந்த நேரம் தோதா இருக்கும்? ஒரு வேளை சாப்பாடு சேர்ந்து சாப்பிட்டால்கூடப் போதும்" என்று கேளுங்கள். மூன்று நாள் என்றால் மலைக்கிற பிள்ளை, மூன்று மணி நேரம் என்றால் ஒத்துக்கொள்வான். நண்பர்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவனாக யாரையாவது அழைத்து வந்தால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம் மதிப்பெண். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் படிப்புப் பதிவுகள் மீதான உரிமை மாணவனுக்குப் போய்விடும். கட்டணம் நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்பதால் மட்டும் அந்த உரிமை உங்களிடம் திரும்பாது. அவன் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பார்க்கலாம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இந்தப் பயணத்தில் வேண்டாம். பாட்டிக்கும் தங்கைக்கும் முன்னால் "கால்குலஸ்ல எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் அடுத்த வருடம் அந்த மின்னஞ்சல் வந்ததையே உங்களிடம் சொல்ல மாட்டான். கூடாது என்றே சொல்கிறேன்.

பிட்ஸ்பர்க் திட்டத்தை மாற்றுங்கள். பெருமாள் கோயில் உங்கள் வழியில் இல்லை. எடிசனிலிருந்து மேற்கே நான்கு மணி நேரம் போல ஓட்டி அவன் ஊருக்குப் போவீர்கள், கோயில் அங்கிருந்து இன்னும் மேற்கே மூன்று மணி நேரத் தொலைவு. அவனையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பினால் ஞாயிறு முழுக்கக் காரிலேயே போய்விடும். மாமியாரின் ஆசை நியாயமானது. அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி நிதானமாகப் போய் வாருங்கள், அவருக்கும் அதுதான் சுகம்.

ஆட்ட நாள் என்றால் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறும். பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தர மாட்டார்கள். பக்கத்து ஊரான பெல்ஃபான்ட் பத்து மைல்தான், அங்கே பாருங்கள். அங்கும் இல்லையென்றால் லூயிஸ்டவுன், அல்டூனா. மாமியாரை ஸ்டேடியத்துக்கு அழைத்துப்போக வேண்டாம். படிகள் அதிகம், கூட்டமும் குளிரும் வேறு. வளாகத்தில் பெர்கி க்ரீமரி என்று பல்கலைக்கழகமே நடத்தும் ஐஸ்கிரீம் கடை உண்டு. அங்கே ஒரு கோனில் இரண்டு சுவை கலந்து தர மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். பாட்டியும் பேத்தியும் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிச் சாப்பிடட்டும். பல்கலைக்கழகத்தின் சின்னமான, சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய நிட்டனி சிங்கத்தின் சிலை முன் குடும்பமாக ஒரு படம். அவன் கூச்சப்பட்டால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு கொண்டுபோங்கள், அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் விடுதி ஃப்ரிட்ஜ் சின்னது, ரைஸ் குக்கர் போன்றவற்றுக்குப் பொதுவாக அனுமதி இருக்காது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, கொஞ்சம் அல்வா போதும். சாம்பாரும் பொரியலும் டப்பா டப்பாவாக வைத்தால் மூன்றாம் நாள் குப்பைக்குத்தான் போகும். அறைக்குள் போனால் துணியை மடித்து வைக்கவோ மேசையை ஒழுங்குபடுத்தவோ ஆரம்பிக்காதீர்கள், அங்கே இன்னொரு பையனும் இருக்கிறான்.

இத்தனைக்குப் பிறகும் அந்த வாரம் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் இல்லாத வேறொரு சனிக்கிழமை உங்கள் கணவரும் நீங்களும் மட்டும் போய் வாருங்கள். ஹோட்டலும் மலிவு, பேசவும் நேரம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வாரம் வேண்டாம் என்பதற்கும், எந்த வாரம் என்றாலும் வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாள் கணக்கில் போன் எடுக்காமல் இருப்பது, வீடியோவில் முகம் காட்டாமல் தட்டிக் கழிப்பது, பகலெல்லாம் தூங்குவது, தேங்க்ஸ்கிவிங்குக்கும் வராமல் சாக்குச் சொல்வது என்று சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் மாணவர் நலனைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு நீங்களே பேசுங்கள். அவன் சம்மதம் இல்லாமல் அவர்கள் உங்களிடம் அதிகம் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பையனைத் தேடிப் போய்ப் பேச அவர்களால் முடியும்.