14 டிபி இருக்கு, ரெய்டு போட்டா பேக்கப் வேணாமா?

வீடியோ எடிட்டிங் பண்றீங்க, ஏழு எக்ஸ்டர்னல் டிரைவ்ல மொத்தம் 14 டிபி சிதறிக் கிடக்கு, பழைய கம்ப்யூட்டர்ல நாலு டிஸ்க் போட்டு ரெய்டு (பல டிஸ்க்கை ஒரே டிஸ்க் மாதிரி சேர்க்குற முறை) பண்ணிட்டா பேக்கப்னு தனியா செலவு பண்ணணுமான்னு கேட்டிருந்தீங்க. கண்டிப்பா பண்ணணும்ங்க. இன்னும் சொல்லப்போனா அந்த டிஸ்க் போடுற பெட்டிக்கு முன்னாடி பேக்கப்புக்குத்தான் காசை எடுத்து வைக்கணும்.

1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் ரெய்டு பத்தி எழுதினப்போ, விலை ஜாஸ்தியான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான சின்ன டிஸ்க் நிறைய சேர்த்துப் போடலாம்ங்கிறதுதான் பேச்சு. டிஸ்க் நிறைய ஆனா ஏதாவது ஒண்ணு அடிக்கடி போகும், அப்பவும் மெஷின் நிக்காம ஓடணும், ரெய்டு செய்யுறது அதைத்தான். நீங்க தப்பா ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணா அது எல்லா டிஸ்க்குலயும் ஒரே நொடியில போயிடும், ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற ரான்சம்வேர் வந்தாலும் அப்படித்தான், பவர் சப்ளை கெட்டு வோல்டேஜ் ஏறிச்சுன்னா நாலு டிஸ்க்கும் சேர்ந்தே கருகலாம்.

அதனால முதல்ல 20 டிபி டிரைவ் ரெண்டு வாங்குங்க. உங்க 14 டிபி மொத்தமும் ஒரே டிரைவ்ல அடங்கிடும், நிறைய பேர் இதை யோசிக்கிறதே இல்ல. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு நம்பிக்கையான வேற யார் வீட்லயாவது இருக்கட்டும், மாசம் ஒருமுறை மாத்திக்கோங்க. ஒரு டிரைவ் நிரம்ப ஒரு நாள் பக்கம் ஆகும், ராத்திரி போட்டுட்டுப் படுத்துடுங்க.

அப்புறம் பெட்டி. பழைய கம்ப்யூட்டரே தாராளமா போதும், ட்ரூநாஸ்னு ஸ்டோரேஜுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, அதுல வர்ற இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல ரெய்டு இசட்2ங்கிற வகையை வைங்க, எந்த ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். 12 டிபி டிஸ்க் நாலு போட்டா, ரெண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 24 டிபி கிடைக்கும், ஸ்கிரீன்ல 21.8 இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மியா காட்டும், கணக்கு போடுற முறைதான் வேற, யாரும் ஏமாத்தல. டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர்தானான்னு (டிராக்குகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம எழுதுற வகை) கட்டாயம் பாருங்க. எஸ்எம்ஆர்ங்கிற இன்னொரு வகையில டிராக்குகளை ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு எழுதுறாங்க, அதனால போன டிஸ்க்குக்குப் பதிலா மாட்டின புதுசுல டேட்டாவை மறுபடி எழுதுற ரீபில்ட் ஓடும்போது மாட்டு வண்டி மாதிரி ஆயிடும். ஒரு டிஸ்க் போனா மட்டும் தாங்குற ரெய்டு 5 போதும்னு நானும் ஒரு காலத்துல இருந்தேன், ஒரு டிஸ்க் போய் புதுசு மாட்டி ரெண்டாவது நாள் ரீபில்ட் 83 சதவீதத்துல இருக்கும்போது இன்னொரு டிஸ்க்கும் போச்சு, ஒண்ணா வாங்கின டிஸ்க்குங்க அதெல்லாம், அந்த ஸ்கிரீனை இன்னும் மறக்க முடியல. அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது அலமாரியில இருந்த ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ்தான்.

க்ளவுட் கேட்டீங்க. அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ்னு வைங்க, 14 டிபி ஏற ராத்திரி பகலா 65 நாள் ஆகும். முடிச்ச வீடியோவும் ப்ராஜெக்ட் ஃபைலும் மட்டும் ரெஸ்டிக் மாதிரி ஒரு பேக்கப் சாஃப்ட்வேர்ல என்க்ரிப்ட் பண்ணி (பாஸ்வேர்டு இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) அனுப்புங்க, பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி தனியா வைங்க. ஆர்க்கைவ் ப்ளான்ல வைக்கிறதுக்கு விலை கம்மி, எடுக்கிறதுக்குத்தான் காசும் நேரமும் ஆகும். மேக்னடிக் டேப்ல பேக்கப் எடுக்குறது உங்களுக்கு இப்போ வேணாம், எல்டிஓ-9ங்கிற டேப் கார்ட்ரிட்ஜ் 18 டிபி பிடிக்கும், கார்ட்ரிட்ஜ் மலிவுதான், ஆனா அதை ஓட்டுற டிரைவ் விலை உங்க மொத்த செட்டப்பையும் தாண்டிடும்.

பேக்கப்ல இருந்து மாசம் ஒரு ஃபோல்டரையாவது திருப்பி எடுத்து ஓட்டிப் பாருங்க. 2017ல கிட்லேப்னு ப்ரோக்ராம் கோடு சேமிச்சு வைக்கிற கம்பெனியில தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டாங்க, அஞ்சு விதமா பேக்கப் ஏற்பாடு இருந்தும் எதுவும் ஒழுங்கா வேலை செய்யல, ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைமையோட காப்பி) இருந்ததால தப்பிச்சாங்க.

போற போக்குல ஒரு டிரைவ் டக் டக்னு சத்தம் போடுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை இப்பவே கழட்டி வைங்க. ரிப்பேர் டூல், ஃபார்மேட் எதுவும் வேணாம். அதுல இருக்குறதுக்கு வேற காப்பி இல்லன்னா நேரா டேட்டா ரெகவரி ஆளுங்ககிட்ட கொடுங்க, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் மிச்சம் இருக்குறதும் கீறிப் போகலாம். மத்த ஆறையும் இன்னைக்கு ராத்திரியே காப்பி போட ஆரம்பிச்சிடுங்க.