மைபை காட்டும் பிழைகளை மறைத்து ப்ராஜெக்டைக் காட்டலாமா?

இறுதியாண்டு பைத்தான் ப்ராஜெக்டில் மைபை (புரோகிராமை ஓட்டாமலே அதில் மதிப்புகளின் வகை பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவி) ஓட்டினால் கணக்கு வரிகளில் வரிசையாகப் பிழை வருகிறது, எல்லாவற்றிலும் 'டைப் இக்னோர்' (இந்த வரியின் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று மைபைக்குச் சொல்லும் குறிப்பு) போட்டுவிட்டு கிட்ஹப்பில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வேண்டாம். உங்கள் புரோகிராமைத் திறப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

பிழை காட்டும் வரியில் பெரும்பாலும் குற்றம் இருக்காது. மதிப்பு உள்ளே வந்த இடத்தைப் பாருங்கள். பயனரிடம் மதிப்பு வாங்கும் 'இன்புட்' எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்) தரும். பயனர் 50 என்று தட்டினால் வருவது எண் அல்ல, இரண்டு எழுத்து. அதோடு 10-ஐக் கூட்டினால் புரோகிராம் டைப் எரரோடு நின்றுவிடும், அது நல்லதுதான். 3-ஆல் பெருக்கினால்தான் வம்பு: 505050 என்று வந்து சத்தமில்லாமல் ஓடும். ஸ்ட்ரிங்கை எண்ணால் பெருக்குவது பைத்தானில் செல்லும் என்பதால் மைபையும் அந்தப் பெருக்கலைத் தடுக்காது. விடை இன்ட் (முழு எண்) என்று நீங்கள் குறித்திருந்தால்தான் பிடிக்கும். ஆகவே உள்ளே வாங்கும் இடத்திலேயே இன்ட்டாக மாற்றுங்கள். '1,250' என்று கமாவோடு வந்தாலோ, காலியாக வந்தாலோ வேல்யூ எரர் வரும். அதையும் அங்கேயே கவனியுங்கள். 'காஸ்ட்' போடுவது இது இன்ன வகை என்று மைபையிடம் சொல்வது மட்டும்தான்; மைபை அடங்கும், மதிப்பு மாறாது.

அடுத்தது நன் (None), அதாவது 'மதிப்பு இல்லை' என்பதற்கான பைத்தான் குறி. டிக்ஷனரியில் 'கெட்' போட்டு மதிப்பெண் எடுத்தால், சாவி இல்லாதபோது நன் வரும்; அதைக் கூட்ட முடியாது. பலர் 'ஆர் 0' என்று ஒட்டுப்போடுவார்கள். தேர்வுக்கே வராதவரும் பூஜ்யம் வாங்கியவரும் அதில் ஒன்றாகிவிடுவார்கள், வகுப்புச் சராசரி சரியும். 'இஸ் நன்' என்று சோதித்து, வராதவரைத் தனியே பிரியுங்கள். வெறும் 'இஃப் மார்க்' போதாது. அது உண்மையான பூஜ்யத்தையும் தள்ளிவிடும்.

பில் கணக்கில் டெசிமலை (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) ஃப்ளோட்டால் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகை) பெருக்கினால் டைப் எரர். 18 சதவீத வரிக்கு 0.18-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டு டெசிமலாக்குங்கள். குறி இல்லாவிட்டால் ஃப்ளோட்டின் நீண்ட வால் கூடவே வரும்.

இன்னொன்று: டைப் குறிக்காத ஃபங்ஷனுக்குள் மைபை வழக்கமாகப் பார்ப்பதே இல்லை. 'பிழை இல்லை' என்று வந்தால் மகிழ்ந்துவிடாமல் 'ஸ்ட்ரிக்ட்' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள்.

ஒவ்வொரு வகைப் பிழைக்கும் தனி கமிட் (கிட்டில் சேமிக்கும் மாற்றப் பதிவு) போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நேர்காணலில் 'ஏன் இப்படி மாற்றினீர்கள்?' என்று கேட்டால், அந்த 505050 கணக்கையே சொல்லிக் காட்டலாம்.