கீசர் ரிப்பேர்: கை வைக்கும் முன் கேட்டவர்கள்

மார்கழி பிறந்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி கீசரைப் பற்றித்தான்.

ஷவர் குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. செருப்புப் போட்டுக் குளித்தால் தெரியவில்லை. நானே கழற்றிப் பார்க்கலாமா? (பாளையங்கோட்டை)

முதலில் பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள், அண்ணாச்சி. பெரும்பாலும் உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் காயிலில் கரண்ட் கசியும், வெளியே எர்த்தும் செத்திருக்கும். எர்த்து உயிரோடு இருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருந்தால், நீங்கள் தொடும் முன்பே அது விழுந்திருக்கும்.

காயிலைச் சோதிக்கக் கரண்ட் தேவையில்லை. மெயினை அணைத்து, காயிலின் இரண்டு முனை வயர்களையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 2000 வாட் காயில் என்றால் முனைக்கு முனை 26 ஓம் அளவில் காட்டும். முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே இணைப்பு இருப்பதாகக் காட்டவே கூடாது. காட்டினால் காயிலை மாற்றத்தான் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு படிந்து ஓட்டை விழுந்த உறையை ஒட்டவைக்க முடியாது. மீட்டர் சும்மா இருந்தாலும் சந்தேகம் முழுக்கத் தீராது. லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் மெக்கர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வீடு, எர்த்து வயரே இல்லை. தெரிந்தவர் ஒருவர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்து முனையையும் துண்டு வயரால் இணைத்துக் கொடுத்தார். கீசர் மேல் டெஸ்டர் வைத்தால் எரியவில்லை. போதும்தானே? (களக்காடு)

போதாது. இத்தனை கேள்விகளில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், நன்றாக இருக்கும்வரை டெஸ்டர் எரியாது. போர்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து நியூட்ரல் விட்டுப்போனால், சுவிட்ச் போட்டதும் ஃபேஸ் வயரில் வரும் கரண்ட் காயிலைக் கடந்து அந்தத் துண்டு வயரில் ஏறி கீசரின் உடம்புக்கு வந்துவிடும். தண்ணீர் சுடாது, லோடு கூடினால் விழும் எம்சிபியும் விழாது. ஏன் சுடவில்லை என்று குழாயைத் திருகப் போகிறவருக்கு 230 வோல்ட் காத்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு அந்தத் துண்டை இன்றைக்கே எடுங்கள். எர்த்து குழி போட்டு, வயர் இழுத்து, ஆர்சிசிபி வைக்கும்வரை அடுப்பில் வெந்நீர் போடுங்கள்.

எங்கள் பக்கம் தேரி மணல். எர்த்து குழி இருந்தும் சரியில்லை என்கிறார்கள். (திசையன்விளை)

காய்ந்த மணலில் கரண்ட் இறங்காது. கரியும் உப்பும் போட்ட குழியானாலும் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் ஈரம் எட்டும்வரை ஆழமாக இறக்கச் சொல்லுங்கள்.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. அதைத் தாண்டி நேராக இணைத்தால் என்ன? (அம்பாசமுத்திரம்)

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் கொதியை நிறுத்தக் கடைசியாக இருப்பது அந்தக் கட்-அவுட்தான். அதையும் எடுத்துவிட்டு, சேஃப்டி வால்வும் உப்படைத்துக் கிடந்தால் டேங்க் வெடிக்கலாம். தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். விலை பெரிதில்லை.

6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கீசர் ஓட்டலாமா? (மேலப்பாளையம்)

2000 வாட் கீசர் 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பெட்டி உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும், போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரும் வேண்டும்.

ஹீட்டர் ராடு போட்ட வாளியில் விரல் விட்டுச் சூடு பார்ப்பது வழக்கம். (உவரி)

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ராடை வெளியே எடுத்த பிறகு விடுங்கள். இரும்பு வாளி வேண்டவே வேண்டாம். உங்கள் கடற்காற்றுக்குப் பிளக் முள் சீக்கிரம் பச்சைப் பூக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.