மிருகவதைச் சட்டம்: மதுரைக் கால்நடை மருத்துவர் பதில்கள்

செல்லூர்: ஐயா, எங்க தெரு நாய்க்கு யாரோ விஷம் வச்சுட்டாங்க. ஸ்டேஷன்ல புகார் எடுப்பாங்களா?

எடுக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை. முக்கியமாக, உடலைப் புதைத்துவிடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்து, இரைப்பையில் இருப்பதை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் வழக்கு நிற்கும். வாந்தி கிடக்கும் இடத்தைக் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள்.

ஆரப்பாளையம்: கிளி வளர்க்கலாமா?

பச்சைக்கிளி கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

திருப்பரங்குன்றம்: இந்தச் சட்டமெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே?

1890இல் அவர்கள் ஒன்று போட்டார்கள். இப்போது இருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதற்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904இல் நம் மதுரையில் பிறந்தவர். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். என் வருத்தமெல்லாம் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பற்றித்தான். முதல்முறை வதைத்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே கிடக்கிறது. அதனால்தான் 325ஐப் பிடியுங்கள் என்கிறேன்.

மேலூர்: மத்தியான வெயில்ல மாட்டுவண்டி ஓட்டலாமா?

வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் 12 முதல் 3 மணிவரை மாட்டைப் பூட்டக்கூடாது. ஒரு நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சியும் கூடாது. 1965 விதிகளில் இருக்கிறது.

பாலமேடு: சுப்ரீம் கோர்ட்டே ஜல்லிக்கட்டு சரின்னு சொல்லிருச்சு. அப்புறமும் அது வதைன்னு ஏன் சொல்றாங்க?

2014 மே 7இல் அதே கோர்ட்தான் தடை போட்டது. பசி, வலி, பயம் இல்லாமல் வாழ விலங்குக்கும் உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. 2017 போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். விலங்குக்கு அடிப்படை உரிமை என்பதை அவர்கள் ஏற்கவில்லை; விதிகளைக் கண்டிப்பாக நடத்தும் பொறுப்பைக் கலெக்டரிடம் கொடுத்தார்கள். விதி மீறினால் அது வதைதான்.

அலங்காநல்லூர்: டாக்டர், நாங்க புள்ள மாதிரி வளர்க்கிறோம். ஜல்லிக்கட்டு இல்லைன்னா புலிக்குளம் இனக் காளையெல்லாம் அடிமாட்டுக்குப் போயிருக்கும்.

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாலைத் திருகிய காளைகளை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். வால் எலும்பின் மூட்டு விலகி, விரலுக்கடியில் முண்டாகத் தட்டும். தொட்டதும் காளை பின்னங்காலை உதறும். திமிலைத் தவிர வேறெங்கும் கை வைக்கக்கூடாது என்ற விதி அதற்குத்தான். பிள்ளை மாதிரி வளர்ப்பவர்தான் வாடிவாசலுக்குப் பின்னால் வால் திருகுகிறவனை முதலில் தடுக்க வேண்டும்.

பாலமேடு: அது பழைய கதைங்கய்யா. இப்ப கேமரா இருக்கு.

கேமரா களத்தைப் பார்க்கிறது. நான் சொல்வது காளை வரிசையில் நிற்கும் நேரத்தை.

உசிலம்பட்டி: கோயில்ல கிடா வெட்டினா கேஸா?

இல்லை. 1960 சட்டத்தின் 28ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தமிழ்நாட்டின் 1950ஆம் ஆண்டு பலித் தடைச் சட்டமும் 2004இல் நீக்கப்பட்டுவிட்டது.

கூடல்நகர்: நாய்க்கு விஷம் வச்சா என்ன பிரிவு?

செல்லூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விளாங்குடி: எங்க நாயும் விஷத்துலதான் செத்துச்சு. நேத்தே புதைச்சுட்டோம்.

இதைத்தான் வேண்டாம் என்றேன். நீங்களாகத் தோண்டாதீர்கள். இன்றே எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி, போலீஸிடம் புதைத்த இடத்தைக் காட்டுங்கள்.