பழைய விண்டோஸ் வச்சிருக்கீங்களா? நீலகிரியில இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

குன்னூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். பழைய சிஸ்டம் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, முக்கியமானதுக்கு பதில் இதோ.

கோத்தகிரி, ஜெராக்ஸ் கடை: அண்ணா, கடையில விண்டோஸ் 7 ஓடுது. ஆன்டிவைரஸ் இருக்கு, போதாதா?

போதாது தம்பி. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட அப்டேட்ட நிறுத்திட்டாங்க, காசு கட்டின கம்பெனிகளுக்கு மட்டும் 2023 ஜனவரி வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டை எல்லாம் உங்க சிஸ்டத்துல திறந்தேதான் கிடக்கு. ஆன்டிவைரஸ் தனக்கு தெரிஞ்ச வைரஸ பிடிக்கும், விண்டோஸ்ல இருக்கிற ஓட்டைய அதால அடைக்க முடியாது. 2017 மே மாசம் வானாக்ரைன்னு, ஃபைல எல்லாம் பூட்டி வச்சு காசு கேக்கற வைரஸ் வந்தப்ப யாரும் எதையும் கிளிக் பண்ணவே இல்ல, ஃபைல் ஷேரிங்ல இருந்த ஓட்டை வழியா ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொன்னுக்கு தானா பரவுச்சு, அதை அடைக்கிற பேட்ச் மார்ச் மாசமே வந்தாச்சு, போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க. உங்களுக்கு இப்ப பேட்சே கிடையாதே.

அதுலயும் ஜெராக்ஸ் கடைன்னா எனக்கு ரொம்ப பயம். சீசன்ல வர்றவங்க இ-பாஸ் பிரிண்ட் எடுக்க, ஆதார் காப்பி எடுக்கன்னு கண்ட பென்டிரைவையும் சொருகுறாங்க, வாட்ஸ்அப் வெப் திறந்துட்டு அப்படியே போயிடுறாங்க. பென்டிரைவ் சொருகினதும் தானா திறக்கற ஆட்டோபிளேய ஆஃப் பண்ணுங்க. ஃபைல் பேருக்கு பின்னாடி வர்ற எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி செட்டிங் மாத்துங்க, பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருந்தா தொடவே கூடாது. வேலை முடிஞ்சதும் அவங்க கண்ணு முன்னாடியே லாக் அவுட் பண்ணி ஃபைல டெலீட் பண்ணுங்க. அடுத்தவங்க ஆதார் நம்ம கையில இருக்கு, அந்த பொறுப்பு நமக்குத்தான். சீக்கிரமே அந்த சிஸ்டத்துக்கு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுடுங்க, பெரும்பாலான பிரிண்டர் அதுல வேலை செய்யும், உங்களோடதையும் போடறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிக்கலாம்.

கூடலூர் பக்கம், டீ ஃபேக்டரி ஆபீஸ்: சார், இலை எடை போடற சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியிலதான் ஓடும். கீழ கோயம்புத்தூர்ல கேட்டா புது வெர்ஷன் இல்லங்கறாங்க.

அப்ப எக்ஸ்பியவே வச்சுக்கோங்க, ஆனா நெட் வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட சப்போர்ட் முடிஞ்சுது. லேன் கேபிள பிடுங்கிடுங்க, வைஃபை டாங்கிள் இருந்தா கழட்டி பீரோவுல வைங்க, யாராவது பாட்டு கேக்கணும்னு மறுபடியும் சொருகிடுவாங்க. கணக்க வெளிய எடுக்க ஒரே ஒரு பென்டிரைவ், அதை வேற எதுக்கும் தரக்கூடாது, ஒவ்வொரு தடவையும் புது சிஸ்டத்துல ஸ்கேன் பண்ணிட்டுதான் திரும்ப எக்ஸ்பியில போடணும். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனோட லேன்ல இருந்தே ஆகணும்னா ரவுட்டர்ல அந்த சிஸ்டத்துக்கு மட்டும் இன்டர்நெட்ட பிளாக் பண்ண சொல்லுங்க, பழைய ஃபைல் ஷேரிங்கையும் ஆஃப் பண்ணுங்க.

இன்னொன்னு, வைரஸுக்கு முன்னாடி அந்த ஹார்டு டிஸ்க்கே போயிடலாம். மழைக்காலத்துல உங்க பக்கம் கரண்ட் போய் போய் வரும், ஈரமும் சேர்ந்துக்கும். இப்பவே டிஸ்க்க அப்படியே குளோன் பண்ணி வேற பில்டிங்ல வைங்க, யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்க. விவசாயிங்களோட இலைக் கணக்கு அது, போச்சுன்னா யாருக்கு எவ்வளவு தரணும்னே தெரியாது.

ஊட்டி, ஹோம்ஸ்டே: தம்பி, என் லேப்டாப்புல விண்டோஸ் 10. 11 ஏறாதுன்னு காட்டுது.

டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி இல்லன்னாலோ பிராசஸர் பழசா இருந்தாலோ அப்படித்தான் காட்டும் அக்கா. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச அப்டேட் முடிஞ்சுது. செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துக்கு போனா கூடுதல் அப்டேட்டுக்கு பதிவு பண்ற ஆப்ஷன் இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணினா காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். அதுக்குள்ள லேப்டாப்ப மாத்த பாருங்க. அதோட கெஸ்ட்டுக்கு நீங்க பாஸ்வேர்டு குடுக்கற வைஃபையும் உங்க லேப்டாப் வைஃபையும் ஒன்னா இருந்தா இன்னைக்கே பிரிச்சிடுங்க, ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும்.

குன்னூர், ரிட்டயர்டு ஆசிரியர்: விண்டோஸ் 7ல குரோம் அப்டேட் ஆகல. பேங்க் வேலை பாக்கலாமா?

வேண்டாம் ஐயா. அதுக்கு கடைசியா வந்த குரோம் 109தான். பேங்க் வேலைய அப்டேட் வர்ற ஃபோன்ல மட்டும் பாருங்க. பணம் ஏதாவது போயிருந்தா யோசிக்காம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க.

கோத்தகிரி, காலேஜ் பையன்: கிராக் பண்ண விண்டோஸ் போட்டுக்கவா அண்ணா?

அந்த கிராக்க ஓட்டணும்னா ஆன்டிவைரஸ ஆஃப் பண்ண சொல்வான் பாரு, அங்கேயே நிறுத்திடு. அதுக்கு பதிலா, 4 ஜிபி ரேம் இருந்தா லினக்ஸ் மின்ட்டோட லேசான வெர்ஷன் எக்ஸ்எஃப்சிஇ நல்லாவே ஓடும், லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், தமிழ் டைப்பிங்கும் வச்சுக்கலாம். மொதல்ல பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி வைஃபை, சவுண்டு எல்லாம் வருதான்னு பாரு. வந்தா ஃபைல்ஸ் எல்லாத்தையும் வெளிய காப்பி எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணு.